சோளச்சோறும் நெல்லுச்சோறும்

(குஜிலியம்பாறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மக்கள் தாங்கள் உண்ணும் உணவை எக்காரணம் பற்றித் தேர்ந்துகொள்ளுகிறார்கள் என்ற கேள்வியை இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். யாரைக் கேட்டாலும் இதற்கு விடை ஆயத்தமாக இருக்கிறது. நாவுக்குப் பிடித்ததை உண்கிறோம், பிடிக்காததை விலக்குகிறோம் என்பார்கள். கல்வி சற்றே மிகுந்தவர்கள், உடம்புக்கு நன்மை தருவது எது என்று அறிந்தவர் அதனை உண்பார், அறியாதவர் அகப்பட்டதை உண்பார் என்று கூட்டிச் சொல்லுவார்கள். இவ்விரு விடைகளிலும் ஓரளவு உண்மை உண்டாயினும், குஜிலியம்பாறையைச் சூழ்ந்த இந்த வானம் பார்த்த பூமியில், கடந்த நூறு ஆண்டுகளில் அடுப்பேறிய தானியங்களின் சரித்திரத்தை வைத்துப் பார்க்கும்போது, நாவும் அறிவும் வாய்திறப்பதற்கு முன்னதாகவே நிலமும், மழையும், மாடும், கூலியும், அரசாங்கமும், எல்லாவற்றுக்கும் மேலாக உரலண்டை நின்ற பெண்ணின் தோள்வலியும் அந்தத் தேர்வைச் செய்து முடித்துவிட்டிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். சோளமும் கம்பும் உண்டிருந்த மக்கள் அரிசிக்கு மாறியதை அறியாமை என்று சொல்லுவது இன்று வழக்கமாகிவிட்டது. அவர்கள் நன்றாக அறிந்தே மாறினார்கள் என்றும், அவர்களைத் திரும்ப அழைக்கிறவர்கள் அந்த மாற்றத்தின் நியாயத்தை முதலில் உணர்ந்துகொள்ள வேண்டும் என்றும் நான் கருதுகிறேன்.

நிலத்திலிருந்து தொடங்குவதே முறை. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வத்தை அடுத்து உணவை வைக்கிறது. விலங்கும் மரமும் பறவையும் பறையும் அதற்குப் பின்னரே இடம் பெறுகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் வழிநடந்து செல்லும் பாணன், ஒவ்வொரு நிலத்திலும் அந்தந்த நிலத்து மக்கள் உண்பதையே விருந்தாகப் பெறுகிறான். அந்தக் கணக்கைத் திண்டுக்கல் சீமைக்குப் பொருத்திப் பார்த்தால், தெற்கே வைகைப் பாசனம் பெறும் நிலக்கோட்டைப் பக்கத்தில் நெல்லும், சிறுமலையில் வாழையும், மேற்கே பழனி மலைச்சாரலில் பூண்டும் காய்கறிகளும் விளைந்துகொண்டிருக்க, வடக்கே எரியோட்டிலிருந்து குஜிலியம்பாறை வழியாகக் கரூர் எல்லை வரையில் நீளும் இந்தச் செம்மண் மேட்டுக்கு வாய்த்தது வடகிழக்குப் பருவமழையும், ஆழக் கிணறுகளும், வேடசந்தூர் வழியே ஓடி அமராவதியில் போய்ச் சேரும் குடகனாற்றில் எப்பொழுதாவது வரும் வெள்ளமுமே. இவ்வளவு சொற்ப ஈரத்தில் விளையக்கூடியவை சோளம், கம்பு, சாமை, வரகு, கொள்ளு, துவரை, மொச்சை, நிலக்கடலை ஆகியவைதாம். ஆகவே இங்குள்ளவர்களின் பாட்டனும் முப்பாட்டனும் அவற்றை உண்டார்கள்.

சோளத்தை அவர்கள் போற்றியதற்கு அது வறட்சியைத் தாங்கும் என்பது ஒரு காரணந்தான். அதைவிடப் பெரிய காரணம் கட்டுத்தறியில் நின்றது. நெல்லின் வைக்கோலைக் கண்ணால் காணாத இந்த மேட்டில், ஏர் மாட்டுக்கும் கறவைக்கும் கோடைக்கால ஆகாரம் சோளத்தட்டை. கதிர் மனிதனுக்கு, தட்டை மாட்டுக்கு என்று ஒரே விதைப்பில் இரண்டு வயிறுகள் நிறைந்தன. மழை பொய்த்துக் கதிர் பிடிக்காமற் போனாலும் தட்டையாவது மிஞ்சும். மாடு பிழைத்தால் அடுத்த வருஷம் ஏர் பிழைக்கும். இப்படிப்பட்ட பயிரைக் குடியானவன் தன் நாவின் ருசிக்காக மாத்திரம் தேர்ந்துகொண்டிருப்பான் என்று நினைப்பது அவனுடைய புத்தியைக் குறைத்து மதிப்பிடுவதாகும். அவன் மாட்டையும் மழையையும் கலந்து யோசித்து விதைத்தான், விதைத்ததை உண்டான், உண்டதற்கு நாக்குப் பழகியது.

இனி, விளைந்த தானியம் சோறாகும் வழியைக் கவனிக்க வேண்டும். உணவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடந்துபோய்விடுகிற இடம் இதுவாதலால், இங்கே சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். கம்புக்கும் சோளத்துக்கும் நெல்லைப் போல் உமி இல்லை. ஆனால் மேல்தோல் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். தானியத்தின் மேல் நீரைத் தெளித்து, தோல் பதப்படும் வரையில் சிறிது நேரம் வைத்திருந்து, உரலில் இட்டு உலக்கையால் குத்தி, சுளகில் புடைத்துத் தவிட்டை நீக்கி, மறுபடியும் உரலில் இட்டுக் குருணையாக இடித்து, சலித்து, அதன் பின்னரே உலை நீரில் இட வேண்டும். தெளித்த நீர் கூடினால் தானியம் நசுங்கிப் போகும். குறைந்தால் தோல் விடாது. வரகுக்கும் சாமைக்கும் இன்னும் ஒரு வேலை அதிகம். அவற்றின் உமி உலக்கைக்கு எளிதில் இணங்காதாகையால், மண் பூசிய திருகையில் இட்டுப் பக்குவமாகச் சுற்ற வேண்டும். கம்பு மாவில் எண்ணெய்ப் பசை மிகுதியாக இருப்பதால், இடித்து வைத்த மாவு சில நாட்களிலேயே கசந்துவிடும். ஆகவே ஒரு மாதத்துக்கு வேண்டியதை ஒரே தினத்தில் இடித்து அடுக்கிவிட்டு ஓய்ந்திருக்கவும் வழி இல்லை. விடியற்காலத்தில், கோழி கூவும் பொழுதில், காட்டு வேலைக்குப் புறப்படுவதற்கு முன்னதாக இவ்வளவையும் செய்து முடித்தவர்கள் பெண்கள். ஒரு குடும்பத்தில் ஏழெட்டுப் பேர் என்றால் இந்தப் பாடு எவ்வளவு என்பதை இந்த அவையில் அமர்ந்திருக்கும் வயது முதிர்ந்த தாய்மார்கள் என்னைக் காட்டிலும் தெளிவாகச் சொல்லுவார்கள்.

அந்தப் பாட்டைக் குறைத்துக்கொள்வதற்காக அவர்கள் கண்ட உபாயமே உருண்டைச் சோறும் கரைத்த கூழும். ஒரு தடவை பருத்திமாரும் துவரைமாரும் இட்டு அடுப்பெரித்துக் கிண்டிய சோற்றை உருட்டி, நீருள்ள பானையில் இட்டு வைத்துவிட்டால், மறுநாள் காலைக்கும் நடுப்பகலுக்கும் மோரிலோ நீரிலோ கரைத்து, வெங்காயத்தையும் மிளகாயையும் கடித்துக்கொண்டு குடித்துவிடலாம். விறகு மிச்சம், பொழுது மிச்சம், வெயிலில் நிற்பவனுக்குத் தாகமும் அடங்கும். புளித்த கூழ் உடலுக்குக் குளிர்ச்சி என்று இன்று நகரத்தில் வண்டிக்காரர்கள் மண்பானையில் வைத்து விற்கிறார்கள். அதைக் கண்டுபிடித்த பெண்ணுக்கு அன்று முதலில் தேவைப்பட்டது ஒரு வேளை அடுப்பை மூட்டாமல் இருக்கும் சௌகரியம்.

இந்த வீடுகளில் நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும், பொங்கலுக்கும், கல்யாணத்துக்கும், கண்ணுக்கினிய மாப்பிள்ளை வந்த தினத்துக்கும் உரியதாக இருந்தது. காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளைக்கு ஒரு பிடி அரிசிக் கஞ்சி கிடைக்கும். வெண்மையான சோறு, குத்தவும் புடைக்கவும் வேண்டாத சோறு, நஞ்சைக்காரர்களும் உத்தியோகஸ்தர்களும் தினந்தோறும் உண்ணுகிற சோறு என்ற மூன்று நினைவுகளும் ஒன்றாகச் சேர்ந்து அதற்கு ஒரு கௌரவத்தை அளித்திருந்தன. கௌரவத்துக்காக உண்பதைச் சிலர் பரிகாசம் செய்வது உண்டு. வருஷத்தில் முந்நூற்றைம்பது தினங்கள் பிறருடைய வீட்டில் வெண்சோற்றின் ஆவியைக் கண்டு வளர்ந்த ஒரு பிள்ளை, தனக்கும் ஒரு நாள் அது வேண்டும் என்று விரும்பியதில் பரிகசிப்பதற்கு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

யந்திரங்கள் வந்து இந்தத் தராசை இன்னும் ஒரு பக்கமாகச் சாய்த்தன. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து புறப்பட்ட மின்சாரம் மெல்ல மெல்லத் தமிழ்நாட்டின் உட்பகுதிகளை எட்டியபோது, அதன் பின்னாலேயே நெல்லரைக்கும் ஆலைகள் வந்தன. நெல் குத்துகிற வேலை பெண்களின் கையைவிட்டு ஆலைக்குச் சென்றது. 1950களில் கோயம்புத்தூரில் மின்சார ஆட்டுக்கல் தோன்றியது. விசேஷ நாட்களில் மாத்திரம் கிராமத்து வீடுகளில் வெந்துகொண்டிருந்த இட்லி, அதன் பின் அன்றாட ஆகாரமாகும் வழி பிறந்தது. கேழ்வரகுக்குத் தோல் நீக்கும் தொல்லை அதிகம் இன்மையால் மாவரைக்கும் ஆலையில் கொடுத்து அரைத்துக்கொண்டு வர முடிந்தது. அதனாலேயே களியும் கூழும் ஆகி அது இன்றளவும் ஒருவாறு பிழைத்திருக்கிறது. கம்புக்கும் சோளத்துக்கும் வரகுக்கும் உதவக்கூடிய யந்திரம் மட்டும் நெடுங்காலம் வரையில் எந்தக் கிராமத்துக்கும் வந்து சேரவில்லை. ஒரு பக்கத்தில் ஆலையில் தீட்டிய அரிசி, மற்றொரு பக்கத்தில் உரலும் உலக்கையும் என்று இரண்டையும் ஒரு பெண்ணின் முன்னே வைத்துவிட்டு, அவள் எதைத் தேர்ந்துகொள்ளுவாள் என்று நாம் ஆராய்ச்சி செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

அரசாங்கத்தின் கையும் இதில் வெகு காலமாகவே இருந்துவருகிறது. தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877ஆம் வருஷத்தில், அரசாங்கத்தின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவர் நிவாரண வேலைக்கு வந்த வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு இராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். சென்னை மாகாணத்துச் சுகாதார அதிகாரி கார்னிஷ், உழைக்கும் உடம்புக்குத் தானியம் அவ்வளவு போதாது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அதனைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். பிறர் உண்ண வேண்டியதன் அளவை மேஜையருகில் உட்கார்ந்து நிர்ணயிக்கும் காரியம் அன்றே இங்கே தொடங்கிவிட்டது. 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோயிற்று. அதன் பின்னே ரேஷனும் கட்டுப்பாடும் வந்தன. 1952இல் ராஜாஜி அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார். அறுபதுகளில் மீண்டும் அரிசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட, அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. 1961 முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் பால் பவுடரும் மாவும் பள்ளிப் பிள்ளைகளின் தட்டுக்கு வந்தன. 1967ஆம் வருஷத்துத் தேர்தலில் ரூபாய்க்கு இத்தனை படி அரிசி என்ற வாக்குறுதி ஓர் ஆட்சியை மாற்றுவதற்கு உதவியது. அண்ணா முதலமைச்சரானதும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கத் தொடங்கினார். அந்த வழியிலேயே 2006இல் கிலோ இரண்டு ரூபாய்க்கும், 2008இல் ஒரு ரூபாய்க்கும் இறங்கிய நியாயவிலைக் கடை அரிசி, 2011 ஜூன் மாதம் முதற்கொண்டு விலையில்லாமலே கிடைத்துவருகிறது. மற்ற மாநிலங்களில் 1997க்குப் பிறகு ஏழைகளை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுக்கும் முறை வந்த போதிலும், தமிழ்நாடு எல்லாருக்கும் பொதுவாகவே தன் கடைகளைத் திறந்து வைத்திருந்தது.

இந்த அரிசியைப் பற்றி அலட்சியமாகப் பேசுகிறவர்களுடன் நான் உடன்படுவதில்லை. மழை பொய்த்த வருஷங்களில் இந்த மேட்டு நிலத்தில் பட்டினி என்ன செய்யும் என்பதைத் தாது வருஷத்துக் கதைகள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. மழையை நம்பாமல், கடனுக்குக் கைநீட்டாமல், மாதந்தோறும் வீட்டில் அரிசி இருக்கும் என்ற நிச்சயத்தைக் குடும்பத் தலைவி ஒருத்தி வாழ்நாளில் முதன்முறையாக அடைந்தது இந்தக் கடையினாலேயாகும். அதன் விளைவாகச் சோளம் விதைத்த காட்டில் முருங்கையும் தீவனப் பயிரும் நடப்பட்டன என்றால், அது நிச்சயமான சோற்றைப் பெற்ற மனிதன் தன் நிலத்தில் ரொக்கம் தேடும் இயல்பு.

ரொக்கம் என்றதும் இன்னொரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பிரதேசத்தில் உண்டாகும் நல்ல ஆகாரங்களெல்லாம் அங்குள்ளவர்களின் வாய்க்குப் போவதில்லை. திண்டுக்கல் பிரியாணியின் பெயர் இன்று கடல் கடந்தும் பரவியிருக்கிறது. நாகசாமி நாயுடு 1957இல் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் தொடங்கிய உணவகம் சீரகச் சம்பா அரிசியையும் இளம் ஆட்டிறைச்சியையும் கொண்டு அந்தக் கீர்த்திக்கு வித்திட்டது. வேலங்காய் பொறுக்கித் தின்று வளரும் ஆடுகளை வளர்க்கிறவர்கள் இந்த வறண்ட காட்டுக்காரர்கள். அய்யலூரில் வியாழக்கிழமைதோறும் கூடும் சந்தைக்கு அவற்றை ஓட்டிச் சென்று, விற்ற பணத்தில் பிள்ளையின் பள்ளிச் செலவையோ நகைக் கடனின் வட்டியையோ தீர்த்துவிட்டு, அவர்கள் வீட்டில் ரசத்தை ஊற்றிச் சாப்பிடுவார்கள். பாலும் அவ்வாறே; கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றத் தொடங்கிய பிறகு வீட்டில் மோர்ப்பானை சுருங்கியது, மோர் சுருங்கவே கூழும் சுருங்கியது. கையில் வந்த ரூபாய் அவர்களுக்கு அவசியமாயிருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் தன் தொழுவத்துப் பாலைத் தன் குழந்தைக்குக் கொடாமல் அளந்து ஊற்றும் கையின் வருத்தத்தை, உணவுத் தேர்வு என்ற பெயரால் நாம் அழைப்பது சரியாகாது.

அவர்கள் மனமார இறைச்சி உண்டது குலதெய்வத்தின் முன்னிலையில்தான். கிடா வெட்டி, பங்காளிகளுக்குப் பங்கிட்டு, பெரிய அண்டாவில் குழம்பு கொதிக்க, ஊரே ஒரு பந்தியாக உட்காரும் அந்தத் தினத்தில், உணவு தெய்வத்தின் பிரசாதமாகவும், உறவின் சாட்சியாகவும், வருஷம் முழுவதும் காத்திருந்த உடம்புக்குப் புலாலின் சத்தாகவும் ஒருசேர அமைகிறது. 1950ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றை 2003 ஆகஸ்டில் அரசாங்கம் உயிர்ப்பித்துக் கோயில்களில் பலியிடுவதைத் தடுக்க முற்பட்டபோது, கிராமத்தார் அதனைத் தங்கள் சாமியின் மேலும் தங்கள் பந்தியின் மேலும் கை வைத்ததாகவே உணர்ந்தார்கள். மறு வருஷமே அச்சட்டம் நீக்கப்பட்டது. இன்ன உணவு உயர்ந்தது, இன்ன உணவு தாழ்ந்தது என்று வெளியிலிருந்து விதிக்கிறவர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

நாவின் பங்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் நாக்கும் கற்றுக்கொள்ளுகிற ஓர் உறுப்பேயாகும். இனிப்பை விரும்புவது பிறவியிலேயே வருகிறது. மற்றவற்றைத் தாயின் வயிற்றிலிருந்தே குழந்தை பயிலத் தொடங்குகிறது. கர்ப்ப காலத்தில் கேரட் சாற்றைப் பருகிவந்த தாய்மார்களின் குழந்தைகள், பின்னர் அந்தச் சுவையுள்ள கஞ்சியை முகஞ்சுளிக்காமல் ஏற்றுக்கொண்டன என்று அமெரிக்காவில் ஜூலி மென்னெல்லா என்ற ஆராய்ச்சியாளர் 2001இல் எடுத்துக்காட்டினார். மிளகாய் நம் நாட்டுக்குப் போர்த்துக்கீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதற்கு முன் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தோம். நாக்கை எரிக்கும் அந்தக் காயை எந்தக் குழந்தையும் இயல்பில் விரும்பாது. மெக்ஸிகோவின் கிராமங்களில் பால் ரோஸின் என்ற உளவியலார் ஆராய்ந்தபோது, யாரும் வற்புறுத்தாமலே, பெரியவர்கள் உண்பதைப் பார்த்துப் பார்த்து, சிறு வயதிலேயே குழந்தைகள் தாமாகவே மிளகாயை விரும்பத் தொடங்குவதைக் கண்டார். நம் வீடுகளிலும் நடப்பது அதுவே. கூழின் புளிப்பும் அவ்வாறு பயிலப்பட வேண்டிய சுவையாகும். வீட்டில் ஒருவரும் குடிக்கக் காணாத கூழைப் பதினைந்து வயதில் ஒரு பிள்ளையின் முன்னே வைத்து, முன்னோர் உணவு, அருந்து என்றால், அவன் ஒதுக்குவதில் வியப்பில்லை.

பழைமையில் உள்ளதெல்லாம் ஞானம் என்று சொல்லவும் நான் துணியமாட்டேன். புழுங்கல் அரிசியை உண்ணும் வழக்கம் தமிழர்களைப் பெருமளவு பெரிபெரி என்னும் நோயிலிருந்து காத்தது; நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள ஜீவசத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால், ஆலையில் தீட்டினாலும் அது முற்றிலும் போய்விடுவதில்லை; தீட்டிய பச்சரிசியை உண்ட, ஆந்திரக் கரையிலுள்ள வடசர்க்கார் ஜில்லாக்களில் அந்த நோய் மிகுதியாக இருந்தது. காரணம் அறியாமலே கைக்கொண்ட நல்ல வழக்கம் என்று அதனைக் கூறலாம். ஆனால் குன்னூரில் இருந்த ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர், இந்தியாவின் பற்பல பிரதேசத்தாரின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தபோது, கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் உண்ணும் சீக்கியரின் உணவு சிறந்து விளங்க, நம்மவரின் அரிசியுணவு கடைசி இடத்தைப் பெற்றது. சோளக்காட்டு வீடுகளிலும் கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்தும் முருங்கைக் கீரையின் சத்தும் இருந்தன என்பது மெய். பல வீடுகளில் அளவுதான் போதவில்லை என்பதும் மெய். ஒரு பெண்மணி எல்லாருக்கும் பரிமாறிவிட்டுப் பானையின் அடியைச் சுரண்டி உண்ட காலத்தைப் பொற்காலம் என்று என்னால் அழைக்க இயலாது.

சாதியைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் உணவைப் பற்றிப் பேசுவது பாதி பேசுவதாகும். எதை உண்பது என்பதைக் காட்டிலும் யாருடன் அமர்ந்து உண்பது என்பதே இங்கே நெடுங்காலம் கடுமையாகக் காக்கப்பட்ட விதி. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததன்மேல் எழுந்த வாதம் 1920களில் இந்நாட்டு அரசியலையே குலுக்கியது. 1956இல் காமராஜர் காலத்தில் பரவிய மதிய உணவும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 1989இல் அதனோடு சேர்ந்த முட்டையும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி மறுவருஷம் மாநிலமெங்கும் விரிந்த காலை உணவும் பசியைத் தீர்த்தன என்பதோடு, ஒரு சமையலறைச் சோற்றை ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் பழக்கத்தையும் பிள்ளைகளுக்குத் தந்தன. இன்னொன்றையும் அவை செய்திருக்கின்றன: தமிழ்க் குழந்தையின் நாக்கு எதற்குப் பழகுகிறது என்பதை இன்று வீட்டோடு பள்ளிக்கூடமும் தீர்மானிக்கிறது. ரவை உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாம்பாரும் அந்தத் தட்டின் வழியாக ஒரு தலைமுறையின் உணவாகிவருகின்றன.

இன்று இவ்வட்டாரத்தின் பெண்கள் பலர் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கும் கரூரின் துணித் தொழிலுக்கும் விடியுமுன் வண்டியேறுகிறார்கள். அவர்களுடைய பொழுது மணிக்கணக்கில் விற்கப்பட்டுவிட்டது. வீட்டில் மிஞ்சியது வேகமாக ஆகக்கூடியதும் கடையில் வாங்கக்கூடியதுமே. நீராகாரத்தின் இடத்தை டீ பிடித்துக்கொண்டது. 1930களில் தேயிலைப் பிரசாரகர்கள் ஊர் ஊராகச் சென்று இலவசமாகக் கொடுத்துப் பழக்கிய பானம் அது. நாடு தழுவிய குடும்பச் செலவுக் கணக்கைப் பார்த்தால், கிராமத்துக் குடும்பம் நூறு ரூபாய் செலவழித்தால் அதில் உணவுக்குப் போனது 1999–2000இல் 59 ரூபாய். 2022–23இல் 46 ரூபாய். தானியத்துக்கு ஐந்து ரூபாயும் முழுமையாகப் போகவில்லை. பானங்களுக்கும் பொட்டலத் தின்பண்டங்களுக்கும் சமைத்து விற்கும் உணவுக்கும் ஒன்பது ரூபாய்க்கு மேல் போனது. வருமானம் உயர உயர உணவுக்குச் செல்லும் பங்கு குறையும் என்று 1857இலேயே எங்கெல் என்ற ஜெர்மானியர் கண்ட விதிக்கு இது ஒத்ததே. தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் கடைசியில் ஏழையின் கையிலும் சற்றே வந்துசேர்ந்த வேளையில், பளபளக்கும் பொட்டலங்கள் அதைப் பற்றிக்கொண்டது எனக்கு மெய்யாகவே துக்கம் தருகிறது.

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அவ்வருஷம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு வந்தது, நல்ல ஏற்பாடு. ஆனால் மேடைகளில் நிகழ்ந்த உபதேசத்தின் பெரும்பகுதி, மக்களுக்குச் சிறுதானியத்தின் மேன்மை தெரியாது என்ற எண்ணத்திலேயே எழுந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவில் இதே போன்ற சந்தர்ப்பம் ஒன்று நேர்ந்தது. இறைச்சிப் பஞ்சத்தைச் சமாளிக்க, மக்கள் ஒதுக்கிவந்த இதயம், சிறுநீரகம் முதலிய பாகங்களை உண்ணச் செய்ய வேண்டும் என்று அரசு விரும்பியது. கர்ட் லெவின் என்ற உளவியலார் இல்லத்தரசிகளில் ஒரு பகுதியினருக்குச் சொற்பொழிவு செய்வித்தார். மற்றொரு பகுதியினரை வட்டமாக அமரவைத்து, தங்களுக்குள்ள இடையூறுகளைத் தாங்களே பேசி முடிவு செய்யும்படி விட்டார். சொற்பொழிவைக் கேட்டவர்களில் நூற்றுக்கு மூவரே அவ்வுணவைச் சமைத்தார்கள். கூடிப் பேசியவர்களில் நூற்றுக்கு முப்பத்திரண்டு பேர் சமைத்தார்கள். வீட்டுக்குள் எந்த உணவு நுழைய வேண்டும் என்ற வாயிற்கதவு அந்தப் பெண்களின் கையில் இருக்கிறது என்பதே லெவினின் சித்தாந்தம்.

ஆகவே, ஓர் உரையைக் கேட்க வந்திருக்கும் உங்களிடம் நான் உபதேசம் செய்துவிட்டுப் போக விரும்பவில்லை. ஒரு வேலையைக் கேட்டுக்கொள்ளுகிறேன். கம்பையும் சோளத்தையும் தோல் நீக்கிக் குருணையாக்கித் தரும் ஒரு சிறு யந்திரத்தை மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் ஊராட்சிதோறும் நிறுவ முடியுமா என்பதையும், அங்கே வாராவாரம் புதிதாக அரைத்ததைப் பள்ளிகளின் காலை உணவுக்கு வாங்கிக்கொள்ள அதிகாரிகள் இசைவார்களா என்பதையும், மானாவாரிக் காட்டில் சோளம் விதைப்பவனுக்கு முருங்கைக்கு நிகரான விலையை உறுதிசெய்வது எங்ஙனம் என்பதையும், வீட்டில் சமைக்கும் பெண்களே கூடி உட்கார்ந்து பேசட்டும். வேண்டாம் என்று அவர்கள் தீர்மானித்தால் அந்தத் தீர்மானத்துக்கும் காரணம் இருக்கும். அதையும் எழுதி வைக்க வேண்டும். வேண்டும் என்று தீர்மானித்தால், யந்திரத்தைச் செய்கிறவர்கள் பட்டறைக்குப் போவதற்கு முன், உரலில் குத்திப் பழகிய மூதாட்டிகள் இவ்வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்களாதலால், அவர்களிடம் வந்து, ஒரு படிக் கம்புக்கு எவ்வளவு நீர் தெளிக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும், எப்பொழுது உலக்கையை நிறுத்திப் புடைக்க வேண்டும் என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போகட்டும்.